நூற்றெண்பதாவது வெட்டு

அறுபது வெட்டு வரைக்கும் அது கொடுவாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் மருமகளும் பக்கத்து வீட்டுக் காசியம்மாவும் பந்தல்கால் வெட்டுகிறார்கள், வெட்டட்டும், நான் இந்தப் பக்கம் பாறையில் உட்கார்ந்து கடுக்காய் பிரித்துக்கொண்டிருந்தேன், நல்லது வலது பக்கம், சொத்தை இடது பக்கம், கை ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும், காது ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும், இரண்டும் முட்டிக்கொள்ளாது, அது எனக்குப் பழகிவிட்டது. மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு என்ன வரும், எண்ண வரும். கடுக்காய் நூற்று நாற்பத்திரண்டு, வெட்டு அறுபது. அறுபத்தொன்றில்தான் காது திரும்பியது. கொடுவாள் இறங்கினால் ஈரமண்ணில் தேங்காய் விழுந்த மாதிரி மொத்தையாக இருக்கும். இது அப்படி இல்லை. சின்னக் குரல், முடியும்போது கொஞ்சம் பாடுகிறது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த இரும்புக்குத்தான் அந்தக் குரல் உண்டு, இந்த மலையில் அப்படிப்பட்ட இரும்பு ஒன்றுதான் இருக்கிறது, அதை அடித்தவன் நான். கீழே ஆசாரிப் பட்டறையில் மூன்று நாள் துருத்தி ஊதிக் கொடுத்து, நான்காம் நாள் பட்டடையை எனக்கு விடச்சொல்லி, நானே காய்ச்சி நானே அடித்து நானே தோய்த்த கைக்கோடாலி. முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, காம்பு ஒரு முழம் நாலு விரல், இடுப்பில் செருகினால் தொடையில் இடிக்காது. காட்டுப்பன்றியைக் கூறுபோடவும் அதுதான், தங்குமிடத்தில் விறகு பிளக்கவும் அதுதான், முளைக்குச்சி செதுக்கவும் அதுதான். வேட்டையெல்லாம் நின்று எத்தனையோ வருஷம் ஆயிற்று, இப்போது கடுக்காய்க்கும் தேனுக்கும் மட்டும் மேலே வருகிறோம், இந்த முறை பதினோரு நாள் தங்கல், இன்று நாலாம் நாள், மகன் அரிசி வாங்கக் கீழே போயிருக்கிறான். அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. கோடாலியை விடியக்காலையில் அடுப்புக் கல்லில் சாய்த்துவைத்தேன். இப்போது திரும்பி அடுப்புக் கல்லைப் பார்த்தேன். கல் இருக்கிறது. சாய்த்துவைத்த இடத்தில் இருந்த ஈரத் தடம்கூட இல்லை, வெயில் குடித்துவிட்டது.

எடுத்தால் எடுக்கட்டும், வீட்டுச் சாமான், பூட்டியா வைத்திருக்கிறேன். ஆனால் ஆப்பு அடித்தேனா? அடித்திருப்பேன். நான் அடிக்காமல் விடுகிறவனா. காம்பை இரும்பின் ஓட்டையில் நுழைத்து, தலைப்பில் பிளப்புப் போட்டு, புளியங்கட்டையில் சீவிய ஆப்பை வைத்து, கல்லால் ஒன்பது அடி. எட்டு போதாது, பத்து அதிகம், பத்தில் காம்பு பிளந்துகொள்ளும். ஒன்பது அடியும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒன்பதாவதில் ஆப்பின் வாய் கொஞ்சம் மலர்ந்து பூ மாதிரி ஆயிற்று. ஆனால் அது எந்தக் காம்பு? இது ஏழாவது காம்பு. ஐந்தாவதுக்கும் ஒன்பது அடித்தேன், ஆறாவதுக்கும் ஒன்பது அடித்தேன், எல்லா ஒன்பதும் ஒரே மாதிரி இருந்தால் எதை எதிலிருந்து பிரிப்பது. ஆறாவது காம்பு முந்தாநாள் விரிசல் விட்டது. நேற்று முழுவதும் உட்கார்ந்து தடசு மரத்தில் புதுக்காம்பு செதுக்கினேன். அறுபத்தெட்டு. செதுக்கி முடித்து நுழைத்தபோது ஆடியது. நெல்லளவுகூட இருக்காது, ஆனால் ஆடியது. நான் செதுக்கிய காம்பு ஓட்டைக்குள் ஆடுவது இதுவரை நடந்ததில்லை. கண் போய்விட்டது, வேறு என்ன. ஓட்டையின் விளிம்பும் மரத்தின் விளிம்பும் ஒன்றாகத் தெரிகிற கண். மகன் அடுப்புப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “என்னப்பா, ஆச்சா?” என்றான். “ஆச்சு” என்றேன். அந்த “ஆச்சு”வைக் காப்பாற்றத்தான் இருட்டியதும் யாரும் பார்க்காமல் குண்டானில் தண்ணீர் நிரப்பிக் கோடாலியைத் தலைகீழாக அமுக்கி வைத்தேன். தண்ணீர் குடித்தால் மரம் உப்பும், உப்பினால் ஆடாது, காலையில் யாரும் எழுவதற்கு முன்னால் தடித்த ஆப்பு ஒன்று சீவி அடித்துவிட்டால் முடிந்தது, யாருக்கு என்ன தெரியப்போகிறது. முப்பத்து நாலு வருஷமாக ஒரு காம்பையும் நான் தண்ணீருக்குக் காட்டியதில்லை. நேற்றுக் காட்டினேன்.

காலையில் எடுத்தேன். ஆட்டிப் பார்த்தேன், பாறையில் முளைத்த மாதிரி இருந்தது. ஆப்பு சீவினேன். அதுவும் நினைவிருக்கிறது, புளியங்கட்டைச் சீவல் சிவப்பாக மடியில் விழுந்தது, பதினொரு சீவல். அப்புறம் அடுப்புக் கல்லில் கோடாலியைச் சாய்த்தேன். அப்புறம் ஒன்பது அடி. இல்லை, அப்புறம் மருமகள் நாயிடம் சொன்னாள், “சிப்பாயி, ராத்திரி ஏதோ வந்து கடுக்காய் மூட்டையக் கிளறி வச்சிருக்குன்னு உங்க பெரியவருகிட்ட சொல்லு.” நான் எழுந்து போய் மூட்டையைப் பார்த்தேன். முள்ளம்பன்றித் தடம். சிந்தியதைப் பொறுக்கினேன், அறுபத்தேழு காய். பொறுக்கி முடித்துத் திரும்பியபோது பெண்கள் ஓடையைத் தாண்டிவிட்டார்கள். ஒன்பது அடிக்கு இடம் எங்கே இருக்கிறது? மூட்டைக்கு முன்னாலா, பின்னாலா? நினைவைத் தூக்கி இங்கே வைத்தால் அங்கே ஓட்டை தெரிகிறது, அங்கே வைத்தால் இங்கே. எழுபத்தொன்பது. எண்பது. வெற்றிலை போடலாம் என்று சுருக்குப் பையை அவிழ்த்தேன், வாய் அதைக் கேட்கவில்லை, கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. பாக்கு, சுண்ணாம்பு டப்பி, அப்புறம் விரலில் கூராக ஒன்று குத்தியது. வெளியே எடுக்கவே வேண்டியதில்லை. இரண்டு விரல் அகலம், ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் கத்தி மாதிரி மெலிசு. புளியங்கட்டை. ஆப்பு என் மடியில் இருக்கிறது.

எண்பத்து நாலு. இப்போது மறுபடி பார்க்கவேண்டும், பதறக் கூடாது, ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். விடியக்காலையில் தண்ணீரை விட்டு எடுத்தது. குச்சி நட்டு நிழல் பார்க்கிறேன் தினமும், அப்போது வெயிலே வரவில்லை. இப்போது குச்சியின் நிழல் மூன்று சாண். அப்படியென்றால் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். பனி இறங்கிய காலை என்றால் மரம் மெதுவாகக் காயும். இன்று பனி இல்லை, காற்று இருக்கிறது. காற்றுதான் கெட்டது. வெயில் மேலே மட்டும் உலர்த்தும், காற்று ஓட்டைக்குள் நுழைந்து உலர்த்தும். ஊறிய மரம் காயும்போது முன்பு இருந்த அளவோடு நிற்காது, இரும்புக்குள் நெரிந்து உப்பிய மரம் அல்லவா, அதைவிடச் சுருங்கும். நேற்று நெல்லளவு ஆடியது இன்று அரைவிரல் ஆடும். மேலே திருப்பிப் பார்த்தால் ஆப்பு இல்லாதது தெரியும்தான், குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் நான் செய்ததை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? பெரியவர் செய்தால் சரியாக இருக்கும், பெரியவர் எண்ணினால் சரியாக இருக்கும். மூட்டைக்கு எத்தனை காய் என்று சந்தையில் என்னைத்தான் கேட்கிறார்கள். எண்பத்தொன்பது. வெட்டு நின்றது. நின்றதும் காது அடைத்துக்கொண்டது. என்ன ஆயிற்று, ஏன் சத்தம் இல்லை, ஒரு சத்தமும் இல்லை, குருவிகூட இல்லை. அப்புறம் காசியம்மாவின் சிரிப்பு. ஓடை குறுகல், பாறை இரண்டு பக்கமும் உயரம், அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கும். “இவ்ளோ தடியா எதுக்குடி? பந்தல் போடறியா, கோயில் கட்டறியா?” மருமகள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், “மெலிசா வெட்டிட்டுப் போனா விரலால அளப்பாரு. அளந்துட்டு ஒண்ணும் சொல்லமாட்டாரு. நாயப் பார்த்து உச்சுக்கொட்டுவாரு. அந்த நாயி என்னை ஒரு பார்வை பார்க்கும் பாரு.” காசியம்மா சொன்னாள், “அந்த நாயிக்கு மட்டும் வாய் வந்துச்சு, உங்க வீட்டு ரகசியமெல்லாம் சந்தைக்கு வந்துரும்டி.” இரண்டு பேரும் சிரித்தார்கள். எண்பத்தொன்பதுக்கு அப்புறம் தொண்ணூறு.

பதினாறு வருஷமாக இப்படித்தான். அவள் கழுத்தில் என் மகன் தாலி கட்டிய நாளிலிருந்து நான் அவளோடு நேராகப் பேசியதில்லை. எங்கள் பக்கத்தில் மாமனாரும் மருமகளும் முகத்துக்கு முகம் பேசிக்கொள்வதில்லை, நடுவில் ஒரு ஆள் வேண்டும், ஆள் இல்லையென்றால் நாய், நாய் இல்லையென்றால் கதவு. “சிப்பாயி, கஞ்சியில உப்பு கம்மின்னு சொல்லு.” “சிப்பாயி, உப்பு கம்மின்னா நாக்க நீட்டிட்டு வேர்வையில தொட்டுக்கச் சொல்லு.” அவளுக்கு வாய் அதிகம், அப்பனைப்போல. ஆனால் அவள் வெளியிலிருந்து வந்தவள் இல்லை. என் பெண்சாதியின் அண்ணன் மகள். என் மச்சான் வேடியப்பனின் மகள். சொந்தத்துக்குள் கட்டினால் அந்த வழக்கத்தை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை, நேற்றுவரை மடியில் உட்காரவைத்து நெல்லிக்காய் கொடுத்த மாமன் இன்றிலிருந்து கதவோடு பேசவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். கூச்ச சுபாவம் என்று விட்டுவிட்டார்கள். பெண்சாதி சாகிறவரைக்கும் கேட்டாள், “என் அண்ணன் பொண்ணுதானே, ஒரு வார்த்த பேசினா என்ன முத்தா உதிரும்?” முத்து உதிராது. வேறு ஏதாவது உதிர்ந்துவிடும் என்று பயம். அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்தால் முதலில் எந்த வார்த்தை வெளியே வரும் என்று எனக்கு நிச்சயமில்லை. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நூறு.

நூற்றெண்பது. அதுதான் எல்லை. நூற்றெண்பதுக்கும் இருநூற்றிருபதுக்கும் நடுவில் ஏதோ ஒரு வெட்டு. சரியான எண் தெரியாது, ஏனென்றால் அன்றைக்கு நான் எண்ணவில்லை, அன்றைக்கு எண்ணுகிற பழக்கமே எனக்கு இல்லை, அதற்கு அப்புறம்தான் வந்தது. அப்புறம் படுத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன், எத்தனையோ முறை. ஆறு கம்பு வெட்டினேன், ஒரு கம்புக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு வெட்டு, ஆறாவது கம்பு முடியவில்லை. காட்டுப்பன்றிக்காக மேலே ஏறியிருந்தோம், நானும் வேடியப்பனும் மட்டும், மூன்று நாள் தங்க ஒரு குடிசை போடவேண்டும். முதல்நாள் இரவே காம்பு ஆடுவது எனக்குத் தெரியும். ஆப்பு சீவி அடிக்க அரைமணி நேரம். அரைமணி நேரம்தான். தூக்கம் வந்தது. சுனையில் ஊறப்போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன். காலையில் பாறை மாதிரி இருந்தது, அவனிடம் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். “மச்சான், நீ அங்க நின்னு நுனியப் பிடி” என்றேன். நான்தான் சொன்னேன், அங்கே நில் என்று. அவன் நின்றான். ஓங்கும்போது கை லேசானது. அதை எப்படிச் சொல்வது, கையில் இருந்த பாரம் திடீரென்று இல்லை, ரொம்ப சுகமாக இருந்தது, ஒரு கண் சிமிட்டும் நேரம் அவ்வளவு சுகம், வெறும் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அப்புறம்தான் அவன் உட்கார்ந்ததைப் பார்த்தேன். சத்தம் போடவில்லை. உட்கார்ந்து தன் காலைப் பார்த்தான். வேட்டியைக் கிழித்துக் கட்டி, முதுகில் தூக்கிக்கொண்டு ஏழு மைல் இறங்கினேன், அவன் என் காதுக்குப் பக்கத்தில் கதை சொல்லிக்கொண்டே வந்தான், நான் அழாமல் இருக்கட்டும் என்று. வலது முழங்காலுக்குக் கீழே. எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. அந்தக் கால் இரண்டு விரல் குட்டை.

எவ்வளவு சொன்னேன் இப்போது, நூற்று ஒன்பதா? பத்தா? விட்டுவிட்டேன். நூற்றுப் பத்து என்று வைத்துக்கொள்வோம், அதிகமாக வைப்பதுதான் நல்லது. வேடியப்பன் முப்பத்திரண்டு வருஷம் அந்தக் காலோடு நடந்தான். எந்தக் கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் யாராவது கேட்பார்கள், அவன் காலைத் தட்டிக்கொண்டு சிரிப்பான், “இரும்பு மேல தப்பு இல்ல, என் மச்சான் மேலயும் தப்பு இல்ல. நான் நின்ன இடம் தப்பு.” ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை, நான் நின்ற இடம் தப்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் இருப்பதை எண்ணிக்கொண்டிருப்பேன். கோடாலியைத் தூக்கி எறிந்துவிடுகிறேன் என்றேன். “எறிஞ்சா உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன், என் கால் ருசி பார்த்த இரும்பு அது” என்றான். அதனால் இருக்கிறது. அவன் மகள் பிறந்து நடக்கத் தொடங்கியபோது நொண்டி நொண்டி நடந்தாள். வைத்தியம் பார்த்தார்கள், காலில் ஒன்றும் இல்லை. அப்பன் நடக்கிறதைப் பார்த்து, நடை என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டது குழந்தை. நாலு வயது வரைக்கும் அந்த நடை. என் வீட்டு வாசலில் அப்பனும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கம் சாய்ந்து சாய்ந்து வருவார்கள், பார்த்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள், நான் எழுந்து பின்பக்கம் போய்விடுவேன். சொல்லியிருக்கலாம். முதல் மாதம் சொல்லியிருக்கலாம், முதல் வருஷம் சொல்லியிருக்கலாம். ஐந்தாவது வருஷம் சொன்னால் ஏன் நாலு வருஷம் சொல்லவில்லை என்று கேட்பான். அப்படியே நீண்டு, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்கழியில் அவன் போய்ச் சேர்ந்தான். நூற்றிருபத்தொன்று.

கூப்பிடவேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, வாயைத் திறந்து கூப்பிடவேண்டும், கேட்கும் தூரம்தான். காசியம்மாவைக் கூப்பிடலாமே. காசியம்மாவோடு நான் பேசலாம், பக்கத்து வீட்டுப் பெண், பேச ஒரு தடையும் இல்லை. முதலில் இருமினேன். அந்தப் பக்கம் ஒரு அசைவும் இல்லை. தட்டை எடுத்துக் கரண்டியால் மூன்று முறை தட்டினேன். காசியம்மா சொன்னாள், “பெரியவருக்குப் பசி வந்துருச்சு.” மருமகள் சொன்னாள், “அடுப்புமேல கஞ்சி இருக்கு, சிப்பாய அனுப்பு, போய்ச் சொல்லட்டும். டேய் சிப்பாயி, போடா.” நாய் உண்மையாகவே வந்தது. ஓடையில் இறங்கி ஏறி, என் பக்கத்தில் வந்து உடம்பை உதறியது, சொட்டு முகத்தில் விழுந்தது, காய்ந்துகொண்டிருந்த கடுக்காய் மேலும் விழுந்தது. நூற்று முப்பத்திரண்டு. “காசியம்மா!” என்றேன். என் குரலா அது. வெட்டு நின்றது. “என்ன பெரியப்பா?” இப்போது சொல்லவேண்டும். அந்தக் கோடாலியைக் கீழே வைக்கச் சொல், ஆறு வார்த்தைகூட இல்லை. ஏன் என்று கேட்பாள். காசியம்மா எதற்கும் ஏன் கேட்கிறவள், உரக்கக் கேட்கிறவள். ஆப்பு அடிக்கவில்லை என்றால், பெரியப்பாவா ஆப்பு அடிக்கவில்லை என்பாள். ஆடாமல்தானே இருந்தது என்று மருமகள் சொல்வாள். ஏன் ஆடாமல் இருந்தது? அந்த ஏனுக்குப் பின்னால் இன்னொரு ஏன் நிற்கிறது, அதற்குப் பின்னால் முப்பத்து நாலு வருஷம் நிற்கிறது. “என்ன பெரியப்பா, கூப்பிட்டீங்களே?” “தண்ணி இருக்கா?” என்றேன். “ஓடை பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு தண்ணி கேக்கறீங்க!” என்று சிரித்தாள். மருமகளும் சிரித்தாள். நூற்று முப்பத்து மூன்று.

நாய் என் காலில் தலையை வைத்துப் படுத்தது. “சிப்பாயி” என்றேன், மெதுவாக, உதடு மட்டும். “ஆப்பு அடிக்கலன்னு சொல்லு.” வால் ஒரு முறை தரையைத் தட்டியது. “ஊறப்போட்டதுன்னு சொல்லு. அன்னைக்கும் ஊறப்போட்டதுதான்னு சொல்லு.” காதைத் தூக்கியது, அப்புறம் ஒரு ஈயைக் கடிக்கப் போனது. சொல்லிவிட்டேன், பார், இவ்வளவுதான், வாயில் வந்துவிட்டது, உலகம் இடியவில்லை. ஆனால் சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லவில்லை. எழுந்தேன். முழங்கால் இரண்டும் கல் மாதிரி. ஓடை வரைக்கும் எழுபது அடி, ஓடை பதினெட்டு அடி, அந்தப் பக்கம் ஏற்றம் ஒரு நூற்றிருபது அடி, வந்த முதல் நாளே எண்ணி வைத்திருக்கிறேன். மொத்தம் இருநூற்றெட்டு. அவளுக்கு மிச்சம் நாற்பத்தைந்து வெட்டு. ஒரு வெட்டுக்கு நான் ஐந்து அடி வைத்தால் போய்விடலாம். நேரில் போய் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டிக் கோடாலியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், பெரியவருக்கு வேண்டுமாம் என்று கொடுத்துவிடுவாள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம். இந்த எண்ணம் வந்ததும் நடை லேசானது, வெட்கம்கெட்ட மனது, இன்னும் தப்பிக்கப் பார்க்கிறது. பன்னிரண்டு அடி, பதின்மூன்று, கல் புரண்டது, நின்று மறுபடி. நூற்று நாற்பத்தொன்று. இரண்டு கணக்கும் இப்போது முட்டிக்கொள்கின்றன, கால் எது வெட்டு எது என்று தெரியவில்லை, நாற்பது அடி, நூற்று நாற்பத்தேழு, நாற்பத்தொரு அடி, நாய் முன்னால் ஓடுகிறது, பின்னால் வருகிறது, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது. மூச்சு வாங்குகிறது. கஞ்சி அடுப்பின் புகை வாசனை என் சட்டையிலேயே இருக்கிறது, அதற்கு மேலே புதிதாக வெட்டிய பச்சை மரத்தின் வாசனை வந்தது. அன்றைக்கும் இதே வாசனைதான்.

ஓடைத் தண்ணீரில் கால் வைத்தேன். நூற்று ஐம்பத்தெட்டு. தண்ணீரில் நின்றால் நிமிர்ந்து அந்தப் பக்கம் முழுவதும் தெரியும். தெரிந்தது. மருமகள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாள், ஆறாவது கம்பா ஐந்தாவதா, சாய்த்துப் போட்ட மரத்தின்மேல் ஒரு காலை ஊன்றியிருக்கிறாள். காசியம்மா அதன் நுனியில், அவளுக்கு நேர் எதிரே, மரம் புரளாமல் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு குந்தியிருக்கிறாள். குந்தியிருக்கிறாள். வேடியப்பன் நின்றிருந்தான், அதனால் காலோடு போயிற்று. குந்தியிருந்தால் அந்த உயரத்தில் முகம் இருக்கிறது. நூற்று ஐம்பத்தொன்பது. கோடாலி வெயிலில் மின்னி மேலே போகிறது, இறங்குகிறது. அப்போதுதான் கேட்டது. வெட்டின் குரலுக்குப் பின்னால் இன்னொரு சின்னக் குரல், டங் என்றதும் ஒரு டிக். இரும்பும் மரமும் தமக்குள் பேசிக்கொள்கிற சத்தம். நூற்று அறுபது. டங், டிக். நூற்றெண்பது என்று யார் சொன்னது, அது அன்றைய மரம், அன்றைய காற்று, இன்றைக்கு அது நூற்று அறுபத்தொன்றாக இருக்கலாம், நானாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அதற்குள் நடந்துவிடலாம் என்று பார்க்கிறேன், இவ்வளவு நாளும் எண்ணியது எல்லாம் இதற்குத்தானா, சொல்லாமல் இருப்பதற்கு இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி என்று பார்ப்பதற்குத்தானா. அவள் மறுபடி ஓங்கினாள்.

“பூங்காவனம்!”

அந்தப் பெயரை நான் சொல்லிப் பதினாறு வருஷம் ஆகிறது. ஓடைப் பாறை அதை வாங்கி இன்னொரு முறை சொன்னது. ஓங்கிய கை மேலேயே நின்றது. நாய் என்னைத் திரும்பிப் பார்த்தது, தன்னைக் கூப்பிடவில்லை என்று அதற்கே தெரிந்துவிட்டது. “யாருடி கூப்பிட்டது?” என்றாள் காசியம்மா. மருமகள் தலைக்கு மேலே கோடாலியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். “இறக்கு” என்றேன். “மெதுவா இறக்கு. காசியம்மா, நீ எழுந்து அந்தப் பக்கம் போ. கேக்காத, போ.” காசியம்மா போனாள். “ஆப்பு அடிக்கல” என்றேன். “ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு வச்சேன். ஆடாதது மாதிரி இருக்கும். காய்ஞ்சா கழண்டுக்கும்.” அவள் கோடாலியைத் தாழ்த்தி, இரும்பை ஒரு கையாலும் காம்பை ஒரு கையாலும் பிடித்து லேசாக இழுத்தாள். பாக்கு மரத்திலிருந்து பாளை கழலுகிற மாதிரி வந்துவிட்டது. இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். காசியம்மாவின் முகம் தப்பித்தது, வெட்டு நின்றது, திரும்பிப் போகலாம், ஒரு நாளைக்குப் பெரியவர் மறந்துவிட்டார், வயசாகிவிட்டது, அவ்வளவுதான் சொல்வார்கள். அவள் காம்பின் தலைப்பை விரலால் தொட்டாள், நெரிந்த இடத்தை. அவள் அப்பன் எதையாவது பார்த்துப் புரிந்துகொள்ளும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பான், அதே சாய்ப்பு.

“அன்னைக்கும் இப்படித்தான்” என்றேன். “நான்தான் ஊறப்போட்டேன். அவன்கிட்டச் சொல்லல.” அவள் நிமிரவில்லை. “அங்க நில்லுன்னு சொன்னதும் நான்தான். உங்கப்பன் நின்ன இடம் தப்பு இல்ல. சரியான இடத்துலதான் நின்னான்.”

நான் எண்ணவில்லை, எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் மருமகள் சரிவில் இறங்கி வந்தாள். நேராக வந்தாள், கல் கல்லாக மிதித்து, என்னிலிருந்து இரண்டடி தள்ளி நின்றாள். இவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று, நெற்றியோரம் நரை விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். நாயைப் பார்ப்பாள், சிப்பாயி என்று தொடங்குவாள் என்றும் நினைத்தேன், அப்படியாவது தொடங்கட்டும் என்று நினைத்தேன். நாயைப் பார்க்கவில்லை. கையை நீட்டினாள். “ஆப்பு.”

சுருக்குப் பையை அவிழ்த்தேன், முடிச்சு வரவில்லை, பல்லால் இழுத்தேன். கொடுத்தேன். அவள் ஓடையோரப் பாறையிலேயே எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த கொடுவாளின் நுனியால் காம்பின் தலைப்பில் பிளப்புப் போட்டாள், இரும்பை ஏற்றினாள், ஆப்பை வைத்தாள், ஓடையிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, இத்தனை நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒன்று. இரண்டு. தோள் ஏறி ஏறி இறங்கியது. ஐந்து. ஆறு. முகம் எனக்குத் தெரியவில்லை. எட்டு. ஒன்பது. நான் ஒன்பதில் நிறுத்துவேன், பத்தில் காம்பு பிளந்துகொள்ளும்.

அவள் நிறுத்தவில்லை.